வகுப்பறையில் ஒரு புழு இருக்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிக்க வரவில்லை, சொந்தமாக நாலு வரி எழுத வரவில்லை என்று ஆண்டுதோறும் கவலைப்படுகிறோம். எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் வந்ததே அதற்காகத்தான். சரி, எழுதுவதற்கு அவர்களுக்கு என்ன விஷயம் கொடுக்கிறோம்? 'என் பள்ளி', 'பசு', அப்புறம் பொங்கல். கரும்பலகையைப் பார்த்து எழுதிவிட்டுப் போகிறார்கள்.

தொடக்கப்பள்ளியில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பள்ளியில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருந்தால் போதும். எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற இரண்டு பட்டாம்பூச்சிகளும் அதில் முட்டையிடும். சின்னப் புழு அசல் பறவை எச்சம் மாதிரி இருக்கும், பறவைகள் கொத்தாமல் தப்பிக்க அந்த வேஷம். வளர்ந்தால் பச்சையாகிவிடும், சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டைக் கொம்பு ஒன்றை நீட்டி நாற்றம் விடும். இதைப் பார்த்த பிள்ளை வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே போகும்! அந்தப் புழுவைக் கிளையோடு கொண்டுவந்து, வாயில் வலைத்துணி கட்டிய டப்பாவில் விட்டு, தினமும் புது இலை போட்டு, ஸ்கேலில் நீளம் பார்த்து, தேதி போட்டு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். (கம்பளிப்புழுவைத் தொட்டால் அரிக்கும், அதை மட்டும் முதலிலேயே காட்டி எச்சரித்துவிட வேண்டும்.)

சில சமயம் கூட்டுப்புழுவிலிருந்து பட்டாம்பூச்சி வராது, பொடிப்பொடியாகக் குளவிகள் வரும், ஏனென்றால் தாய்க்குளவி முன்பே அதற்குள் முட்டை வைத்திருக்கும். பிள்ளைகள் முகம் வாடிப்போய் "ஏன் சார்?" என்று கேட்பார்கள். உடனே விடை சொல்லாமல் நூலகப் புத்தகங்களை எடுத்துக் கொடுத்துப் பாருங்கள், எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைகூட வரியில் விரல் வைத்துத் தேடும்.

தமிழ் மறவனை 2019-இல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் அது ஒரு மதிப்பெண் விடையாகிவிட்டது, பள்ளிக்கூட வாசலில் எருக்கஞ்செடியில் மேய்கிற வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழுவைப் பார்க்க ஆளில்லை.

கல்வித்துறையிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வாரத்தில் இரண்டு பாடவேளை, ஆளுக்கு ஒரு நோட்டு, அதைத் தமிழுக்கும் அறிவியலுக்கும் சேர்த்தே கணக்கில் எடுத்துக்கொள்ளலாம், பிழைகளைச் சிவப்பு மையால் சுழிக்காமல் பிறகு திருத்தலாம். தயவுசெய்து இதற்கும் ஒரு படிவம் போட்டு, புழுவைத் தினமும் போட்டோ எடுத்துச் செயலியில் ஏற்று என்று மட்டும் ஆசிரியர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

— ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர், விருதுநகர்