அந்தச் சிவப்புக் கம்பளி

தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். பாப்பாவுக்குச் சளி விட்டதா? பெங்களூர்க் குளிரும் லேசுப்பட்டதில்லை, சாயந்திரமே ஜன்னலைச் சாத்தச் சொல்லு.

நேற்று போனில் அம்மாயியின் சிவப்புக் கம்பளியைக் கேட்டாய். நான் பேச்சை மாற்றிவிட்டேன். உன்னைச் சுருட்டி வைத்திருந்த கம்பளியில் உன் மகளையும் சுருட்ட வேண்டும் என்று நீ ஆசைப்படுவது எனக்குப் புரியாதா? ஆனால் அது இப்போது நம்மிடம் இல்லை. சித்தி வீட்டில் இருக்கிறது என்று இத்தனை நாள் சொன்னது பொய். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

2021 டிசம்பர் 8, புதன்கிழமை. சித்தி இருக்கிற நஞ்சப்பசத்திரத்தில் ராணுவ ஹெலிகாப்டர் விழுந்ததை நீயும் டிவியில் பார்த்தாய். அதற்கு முந்தின வாரம்தான் சித்தி குளிர்காய்ச்சலில் படுத்திருந்தாள். கம்பளியை அவளுக்கு நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். எலி கடித்த மூலையில் பச்சை நூல் போட்டுத் தைத்திருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா?

வெலிங்டன் ராணுவ முகாம் பக்கத்தில் இருப்பதால் ஹெலிகாப்டர் சத்தம் அவர்களுக்குப் பழக்கம். அன்றைக்கு மட்டும் ரொம்பத் தாழக் கேட்டதாம். எதிர்வீடு தெரியாத மூடுபனி. சித்தி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். மரம் முறிகிற சத்தம், அடுத்து ஒரு பெரிய சத்தம், பிறகு தீ. வடித்தது பாதி, வடிக்காதது பாதியாகப் பானையை வைத்துவிட்டு ஓடியிருக்கிறாள். ஆம்பளைகள் முன்னால், பொம்பளைகள் குடத்தோடும் வாளியோடும் பின்னால். குழாயில் பிடிப்பதும் ஊற்றுவதுமாக இருந்திருக்கிறார்கள். அனல் கிட்டவே விடவில்லை. சித்தியின் முன்கை முடியெல்லாம் பொசுங்கிப் போயிருந்தது, நானே பார்த்தேன்.

வண்டி அந்த இடம் வரைக்கும் இறங்க வழியில்லை. உடம்புகளை ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகத் துணி வேண்டும் என்றதும் வீட்டுக்கு வீடு ஓடி, கையில் கிடைத்த பெட்ஷீட்டையும் கம்பளியையும் எடுத்து வந்தார்கள். எல்லாம் தேயிலைக் கூலி வீடுகள், தம்பி. அங்கே பீரோவில் ஒன்றும் கட்டிலில் ஒன்றுமாகவா கம்பளி இருக்கும்? போர்த்திக்கொண்டிருந்ததைத்தான் கொடுத்தார்கள். அன்று ராத்திரி சித்தியும் பிள்ளைகளும் சேலையைச் சேர்த்துப் போர்த்திக்கொண்டு அடுப்பங்கரையில் படுத்தார்களாம்.

ஒன்றை நீ மனதில் வைத்துக்கொள். உள்ளே இருப்பது யார் என்று அப்போது அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தும் அவருடைய மனைவியும் என்பதெல்லாம் பிறகு டிவி சொல்லித்தான் தெரிந்தது. சித்தூர்ப் பக்கத்து சாய் தேஜா, திருச்சூர் பிரதீப், ஒடிசாவின் ராணா பிரதாப் தாஸ் என்று ஒவ்வொரு பேராக வந்தது. மொத்தம் 14 பேர், அன்றைக்கே 13 பேர் போய்விட்டார்கள். குரூப் கேப்டன் வருண் சிங் மட்டும் உயிரோடு இருந்தார். அவர் பிழைக்க வேண்டும் என்று சித்தி தினமும் விளக்கு வைத்தாள். 15ஆம் தேதி அவரும் போனார். சொந்தத்தில் ஒரு சாவு விழுந்த மாதிரி அவள் அன்றைக்கு உலை வைக்கவில்லை.

9ஆம் தேதி வெலிங்டனிலிருந்து சூலூர் விமானப்படைத் தளத்துக்கு அவர்களின் உடம்புகளைக் கொண்டுபோனபோது நானும் குன்னூர் ரோட்டோரம் பூவோடு நின்றேன். படுகர், தமிழர், மலையாளி, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி வந்தவர்கள் என்று யாரும் தனித்தனியாக நிற்கவில்லை. மேட்டுப்பாளையம் வரைக்கும் ஜனம் நின்றதாம்.

மூன்றாம் நாள் சித்தியிடம் போனேன். "அக்கா, கம்பளியைக் கொடுத்துட்டேன்" என்றாள். "அம்மாவோட கம்பளியையா?" என்று கேட்டுவிட்டேன், தம்பி. அவள் முகம் சுருங்கிப் போனது. பொசுங்கின கையைப் பார்த்துக்கொண்டே நான் கேட்ட கேள்வி அது. அன்றையிலிருந்து அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. உன்னிடம் மறைத்ததற்கும் அதுதான் காரணம், கம்பளி போனதற்காக இல்லை. எஸ்டேட் போனஸில் அம்மாயி வாங்கியது அது. அவள் இருந்திருந்தால் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாள்.

ஹெலிகாப்டர் மேகத்துக்குள் மாட்டிக்கொண்டதில் பைலட்டுக்குத் திசை தப்பிவிட்டது என்று விசாரணையில் சொன்னார்கள். நம் மலையின் மேகம் எப்படி மூடும் என்று உனக்கே தெரியும்.

அந்த வாரம் கழிந்து ராணுவத்துக்காரர்கள் காலனிக்கே வந்து கும்பிட்டு நன்றி சொன்னார்கள். கம்பளியும் சாமானும் கொடுத்தார்கள். ஒரு வருஷத்துக்கு ஊரைத் தத்து எடுப்பதாகவும் மாசாமாசம் டாக்டரை அனுப்புவதாகவும் சொன்னார்கள். தனக்குக் கிடைத்த கம்பளியைச் சித்தி நேரே என்னிடம்தான் கொண்டுவந்தாள். நான் வாங்கவில்லை. வீம்பு இல்லை, வெட்கம். அவள் இன்னும் அதைப் பிரிக்காமல் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறாள்.

இன்று காலை போய் அவளிடம் கேட்டேன், பாப்பாவுக்குத் தருவாயா என்று. நான் முடிக்கும் முன்னே பெட்டியைத் திறந்துவிட்டாள்.

சனிக்கிழமை பஸ் ஏறுகிறேன். கம்பளி கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கிறது. பாப்பாவின் உடம்பில் நேரே படாமல் உள்ளே ஒரு பழைய வேட்டித் துணி வைத்துக்கொள்ளச் சொல்லு. வரும்போது நானே கிழித்துத் துவைத்து எடுத்து வருகிறேன்.

அம்மா
குன்னூர்