ஓடுபாதை முனையின் வெட்டவெளியைக் காப்பாற்றுங்கள்

வவுனியா, கிளிநொச்சி மாவட்டச் செயலாளர்களுக்கும், பிரதேச சபைத் தவிசாளர்களுக்கும், சிவில் விமானப் போக்குவரத்துக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

வவுனியாவிலும் இரணைமடுவிலும் உள்ள விமான ஓடுபாதைகள் விமானப்படையின் பொறுப்பில் இருக்கின்றன. தனியார் சிறுவிமானங்களும் அங்கே வந்துபோகும் காலம் வருமானால் அதை வரவேற்பவர்களில் நானும் ஒருவன். ஆனால், ஓடுபாதையின் இரு முனைகளுக்கும் அப்பாலுள்ள நிலம் எப்படி இருக்கவேண்டும் என்பதை அதற்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும்.

ஒற்றை இயந்திரச் சிறுவிமானம் தரையை விட்டு எழுந்தவுடன் இயந்திரம் நின்றுபோனால், விமானியின் கையில் உயரமும் இல்லை, நேரமும் இல்லை. ஓடுபாதைக்கே திரும்பிவிடலாம் என்றுதான் மனம் சொல்லும். ஆனால் தாழ்வான உயரத்தில் சரிந்து திரும்பும்போது வேகம் குறைந்து, இறக்கைகள் தாங்குதிறனை இழந்து, விமானம் கல்லாய் விழுந்துவிடும். பலருடைய உயிரைக் குடித்தது இந்தத் திருப்பந்தான். ஆகவே, மூக்கை உடனே தாழ்த்தி, வேகத்தைக் காத்து, நேர் முன்னே தெரியும் நிலத்தில் இறங்கவே விமானிகளுக்குக் கற்பிக்கிறார்கள். செஸ்னா 172 போன்ற ஒற்றை இயந்திரச் சிறுவிமானம் 1000 அடி உயரத்திலிருந்து இயந்திரமின்றி ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீற்றர் சறுக்கும். 300 அடியிலிருந்து ஒரு கிலோமீற்றர்கூடப் போகாது. அந்தத் தூரத்துக்குள் இருப்பது வயலா வீடுகளா என்பது, கட்டட அனுமதியில் நீங்கள் இடும் கையொப்பத்தில் தங்கியிருக்கிறது.

2015 மார்ச் 5 அன்று, ஹொலிவுட் நடிகர் ஹரிசன் ஃபோர்ட் தமது பழைய ரையன் பயிற்சி விமானத்தில் கலிபோர்னியாவின் சாண்டா மொனிக்கா விமானநிலையத்திலிருந்து கிளம்பிய சற்று நேரத்தில் இயந்திரம் வலுவிழந்தது. ஓடுபாதையை எட்ட முடியாமற்போன அவர், பக்கத்துக் கோல்ஃப் மைதானத்தில் விமானத்தை இறக்கி, காயங்களோடு உயிர் தப்பினார். காபுரேட்டருக்குள் எரிபொருளை அளந்துவிடும் சிறு பாகமொன்று கழன்றிருந்ததை விசாரணை கண்டுபிடித்தது. வீடுகள் நெருங்கிய அந்த நகரத்தில் அன்று அவரையும் அயலவரையும் காத்தது அந்தப் புல்வெளிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வெட்டவெளியைக் காப்பதைச் சாட்டாக வைத்து எவருடைய காணியும் பறிக்கப்படலாகாது. காணிக்காக ஆண்டுக்கணக்காக வீதியில் அமர்ந்த மக்கள் வாழும் மண் இது. நெல்லும் உழுந்தும் விளையும் நிலம் அப்படியே விளையட்டும். இறங்க நேரும் விமானத்துக்கும் வீடுகளைவிட அதுவே நல்ல தரை. புதிய கட்டடங்களையும் உயர்ந்த கோபுரங்களையும் மட்டும் தடுத்தால் போதும். அதனால் நட்டமடையும் காணிக்காரருக்கு உரிய இழப்பீட்டை முன்கூட்டியே எழுத்தில் உறுதிசெய்யுங்கள்.

இன்னொன்று வன்னிக்கே உரியது. விமானம் விழுந்தால் எங்கள் சனம் யோசிக்காமல் ஓடிப்போய்த் தூக்கும். ஆனால் கண்ணிவெடியும் வெடிக்காத எறிகணைகளும் இன்னும் முற்றாக அகற்றப்படாத காடுகளும் தரவைகளும் இங்கே இருக்கின்றன. எந்தப் பாதையால் போகலாம், சிந்திய எரிபொருளுக்கு அருகே ஏன் நெருப்புக் கொண்டுபோகக் கூடாது, 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் சேவைக்கு இடத்தை எப்படிச் சொல்வது என்பவற்றை ஓடுபாதையை அண்டிய கிராமங்களுக்கு இப்போதே சொல்லிக்கொடுங்கள்.

விமானங்களின் பராமரிப்பிலும் கண் வையுங்கள். எரிபொருளில் கலந்த தண்ணீரும் இயந்திரத்தை நிறுத்திவிடும். புறப்படுமுன் தாங்கியின் அடியிலிருந்து சிறிது எரிபொருளைக் கண்ணாடிபோன்ற குவளையில் இறக்கிப் பார்த்தால், நீல நிற எரிபொருளின் அடியில் தண்ணீர் நிறமற்ற குமிழாய்த் தனித்து நிற்கும். வன்னியின் மாரியில் இந்தச் சோதனையை ஒருநாளும் தவறவிடக் கூடாது. அதைப் பதிவேட்டில் எழுதுவதையும் கட்டாயமாக்குங்கள்.

இரண்டு ஓடுபாதைகளின் முனைகளையும் காட்டும் எல்லை வரைபடத்தைத் தமிழில் தயாரித்து, அயற் கிராம அலுவலர் அலுவலகங்களில் ஒட்டி, மக்களின் ஆட்சேபங்களைக் கேட்ட பின்னரே முடிவெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வன்னிவாசி ஒருவன்