விழா நடத்துகிறவர்களுக்கு, மிக்சரில் உட்காருகிறவர்களின் திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் கருத்தரங்கும் விவசாயிகள் கூட்டமும் பட்டிமன்றமும் கோயில் விழாவும் நடத்துகிற குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

"மேடையில அவ்வளவு பெரிய ஆள் பேசிக்கிட்டிருக்காரு, மைக் செட்காரர் போனை நோண்டிக்கிட்டிருக்காரு" என்ற குறையை எல்லாக் குழுக்களும் சொல்கின்றன. கையில் இருப்பது பல நேரம் மிக்சர்தான், அதாவது மைக்குகளின் ஒலியைக் கலந்து, கூட்டிக் குறைக்கிற கருவி. இப்போதைய டிஜிட்டல் மிக்சர்களை வைஃபை வழியாக டேப்லெட்டிலோ போனிலோ இயக்குகிறோம். ஆனாலும் அந்தக் குறைக்குப் பின்னால் உள்ள கேள்வி நியாயமானது. மேடையில் சொல்வதை நாங்கள் கேட்கிறோமா? கேட்டுத்தான் ஆகவேண்டும். தமிழ்ப் பேச்சுக்கு ஒலி அமைக்கிறவர் பொருளைப் பிடித்துக்கொண்டே வராவிட்டால் பின்வரிசைக்குப் பாதிப் பேச்சுதான் போய்ச் சேரும். அது ஏன் என்பதையும், எங்களைக் கேட்கவிடாமல் செய்பவை எவை என்பதையும் உங்களிடம் சொல்லவே இதை எழுதுகிறோம்.

தமிழ் வாக்கியத்தின் தீர்ப்பு கடைசிச் சொல்லில் இருக்கிறது. "ஜிங்க் சல்பேட்டை டி.ஏ.பி.யோட கலந்து போடலாம்", "ஜிங்க் சல்பேட்டை டி.ஏ.பி.யோட கலந்து போடக் கூடாது." முடிவுக்கு வரும்வரை இரண்டும் ஒரே வாக்கியம். பேசுகிறவருக்கு மூச்சு தீர்கிற இடமும் அதுதான். "கலந்து" வரை கணீரென்று வந்த குரல் "கூடாது" என்னும்போது தணிந்துவிடும். அந்த நேரம் பார்த்து பின்வரிசையில் ஒரு நாற்காலியை இழுப்பார்கள். அந்த ஒரு சொல் காதில் விழாத விவசாயி இரண்டையும் கலந்து வயலில் போட்டால், ஜிங்க் சல்பேட்டின் துத்தநாகமும் டி.ஏ.பி. உரத்தின் பாஸ்பேட்டும் பிணைந்து கரையாத உப்பாகி, பயிருக்கு இரண்டுமே சரியாகக் கிடைக்காமல் போகும். போட்ட பணம் வீண்.

அதனால்தான் வாக்கியம் முடியப்போகிறது என்று தெரிந்ததும் எங்கள் விரல் ஃபேடரை (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் நழுவு குமிழை) 3 அல்லது 4 டெசிபல் மேலே தள்ளுகிறது; டெசிபல் என்பது ஒலி அளவின் அலகு. அடுத்த வாக்கியம் தொடங்கும் முன் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. உரத்த ஒலியைத் தானாகவே தணிக்கும் கம்ப்ரசர் இதில் ஒரு பங்கை ஏற்கும். 3-க்கு 1 விகிதத்தில் வைத்து, உரத்த இடங்களில் 4 முதல் 6 டெசிபல் குறைக்கவிட்டால் போதும். அதற்கு மேல் அழுத்தி, குறைந்த அளவைச் சரிக்கட்ட மொத்த ஒலியைக் கூட்டினால், பேச்சின் இடைவெளிகளில் மின்விசிறிச் சத்தம் எழும்பி வரும், மைக்கும் ஊளையிடத் தொடங்கும். எந்தச் சொல் முக்கியம் என்பது கருவிக்குத் தெரியாது. பேச்சோடு கூடவே போகிற ஆளுக்குத்தான் தெரியும்.

எண்களும் அப்படியே. "எழுபது" என்பதும் "எழுநூறு" என்பதும், "தொண்ணூறு" என்பதும் "தொள்ளாயிரம்" என்பதும் எதிரொலிக்கிற மண்டபத்தில் ஒன்றாகக் கலந்துவிடும். டைல்ஸ் தரையும் கண்ணாடிச் சன்னலும் உள்ள கல்யாண மண்டபங்களில் கீழ்ச்சுருதி ஒலி சுவரில் மோதிச் சுற்றிக்கொண்டே இருக்கும். சொல்லைப் பிரித்துக் காட்டுகிற மெய்யெழுத்துகள் அதற்குள் மூழ்கிவிடும். அவற்றின் தெளிவு பெரும்பாலும் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரையிலான மேல்சுருதிப் பகுதியில் இருக்கிறது. ஆகவே கீழ்ச்சுருதியை 100, 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, 200 முதல் 400 வரை கொஞ்சம் இறக்குகிறோம். "குரல் கனமா இல்லையே, பேஸ் ஏத்துங்க" என்று குழுவில் ஒருவர் வந்து நிற்பார். பேச்சுக்கு அதைக் கேட்காதீர்கள். கனம் கூடினால் முன்வரிசைக்கு இனிமை, பின்வரிசைக்கு வெறும் முழக்கம்.

எங்கள் கவனம் பார்வையாளரின் கவனம் போன்றது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். புதிய பேச்சாளர் தொடங்கிய முதல் ஒன்றிரண்டு நிமிடம் காது குரலின் நிறத்தை மட்டும் பார்க்கும்: மூக்கொலி அதிகமா, 'ச' சீறுகிறதா, மைக்கை விட்டு எவ்வளவு விலகி நிற்கிறார். அது சரியான பிறகுதான் பொருளுக்குள் போக முடியும். அரை மணி நேர உரையின் சாரத்தைக் கேட்டால் எங்களில் பலருக்கு ஒழுங்காகச் சொல்ல வராது. எந்த இடத்தில் குரல் கம்மியது, எப்போது திரையின் பக்கம் திரும்பினார், எந்த நகைச்சுவைக்குக் கூட்டம் கைதட்டி அடுத்த வரியை விழுங்கியது என்றால் சொல்லிவிடுவோம். பட்டிமன்றத்தில் சிரிப்பு அடங்கும்வரை பேச்சாளர் பொறுப்பதில்லை. அந்த நேரத்தில் கூட்டிக்கொடுத்து, சிரிப்பு அடங்க அடங்க இறக்க வேண்டியது எங்கள் வேலை.

இனி, கேட்கவிடாமல் செய்பவை.

முதலாவது, எங்களை உட்காரவைக்கிற இடம். மேடைக்குப் பின்னால், படுதா ஓரம், ஜெனரேட்டர் பக்கம், கை கழுவும் இடத்துக்கு அருகே என்று மிச்சமான மூலை எதுவோ அது மிக்சருக்கு. ஸ்பீக்கருக்குப் பின்னால் இருப்பவருக்குக் கீழ்ச்சுருதி மட்டும் கேட்கும், மெய்யெழுத்து கேட்காது. அங்கிருந்துகொண்டு கூட்டத்துக்குத் தெளிவாக இருக்கிறதா என்று முடிவு செய்ய முடியாது. பந்தலின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடுப்பாதையை ஒட்டி, இரண்டு மேசை போடும் அளவு இடம் கொடுங்கள். மேடையில் பேசுகிறவரின் முகமும் தெரியவேண்டும். நீளமான பந்தலில் பின்பக்கம் தனி ஸ்பீக்கர் வைத்தால் இது இன்னும் அவசியம். நம் ஊர்ச் சூட்டில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகிறது. முன்பக்க ஸ்பீக்கரிலிருந்து 35 மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கரை 100 மில்லிவிநாடியும் அதற்கு மேல் ஒரு 10, 15-ம் தாமதப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும். அந்தத் தாமதம் சரியா என்பதை அந்த வரிசையில் நின்று காதால்தான் பார்க்கவேண்டும்.

இரண்டாவது, அடுத்து யார் பேசுவார் என்று எங்களுக்குச் சொல்லாமல் விடுவது. இதை விரிவாகச் சொல்லவேண்டும். திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும்போதெல்லாம், ஊளையிடுவதற்கு முன் நமக்குக் கிடைக்கும் ஒலி அளவில் 3 டெசிபல் போய்விடும். மேடை மேசையில் 8 மைக் வைத்து எல்லாவற்றையும் திறந்துவைத்தால் 9 டெசிபல் இழப்பு. அதோடு எட்டுப் பேரின் மூச்சும் காகிதச் சலசலப்பும் "அப்புறம் சாப்பாடு எங்க?" என்ற கிசுகிசுப்பும் ஊருக்கே கேட்கும். ஆகவே பேசுகிறவரின் மைக்கை மட்டும் திறந்து, மற்றவற்றை மூடிவைக்கிறோம். யார் வாயைத் திறக்கப்போகிறார் என்பதை அவர் தொண்டையைச் செருமுவதிலும் மைக்கின் பக்கம் சாய்வதிலும் பார்த்துப் பிடிக்கிறோம். வரிசை தெரியாதபோது முதல் இரண்டு சொல் போய்விடுகிறது. அது பெரும்பாலும் "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே". போனால் தலைவருக்கு வருத்தம்.

இதற்கு ஒரு ஏ4 தாள் போதும். முதல் நாள் மாலைக்குள் வாட்ஸப்பில் அனுப்புங்கள். யார், எந்த நாற்காலியில், எத்தனை மணிக்கு, நின்று பேசுவாரா உட்கார்ந்தா, திரையில் ஏதாவது காட்டுவாரா, வீடியோவில் ஒலி உண்டா. இடையில் வரிசை மாறினால் தொகுப்பாளருக்குக் கொடுக்கும் துண்டுச் சீட்டின் நகலை எங்களுக்கும் கொடுங்கள்.

பொன்னாடையைப் பற்றித் தனியாக எழுதவேண்டியிருக்கிறது. காலர் மைக் மாட்டியவருக்குப் பொன்னாடை போர்த்தினால் துணி மைக்கின் மேல் உரசி இடி விழுந்ததுபோல் கேட்கும், மாலையும் அப்படித்தான். மரியாதை முடிந்த பிறகு மைக் மாட்டுவது ஒன்றே வழி. மாட்டும் இடம் முகவாய்க்கு ஒரு சாண் கீழே. அவர் எந்தப் பக்கம் திரும்பித் திரையைப் பார்ப்பாரோ அந்தப் பக்கக் கழுத்துப்பட்டியில். வேட்டி கட்டியவருக்கு, மைக்கின் ஒலியைக் கம்பியில்லாமல் அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் பெட்டியைச் செருக இடம் இருக்காது. சட்டைப்பையில் போட்டால் கூடவே இருக்கும் போனை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இடையிடையே கரகரக்கும். ஒரு பெல்ட் தயாராக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. புடவை கட்டியவர்களுக்கு முந்தானை உரசாத பக்கம் பார்த்து மாட்ட, குழுவில் ஒரு பெண் உதவிக்கு இருக்கட்டும்.

கையில் பிடிக்கும் மைக்கில் நடக்கும் தவறு வேறு. 15 செ.மீ. தூரத்திலிருந்து 30 செ.மீ. விலகினால் 6 டெசிபல் குறையும். அதை ஈடுகட்ட நாங்கள் ஏற்றினால் ஊளைக்கு அருகே போய்விடுகிறோம். மைக்கின் வலைத்தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பது அதைவிட மோசம். பின்பக்கம் வரும் ஒலியைத் தள்ளிவிடுவதற்காக அங்கே துளைகள் இருக்கின்றன. அவை அடைபட்டால் மைக் நாலாபக்கமும் கேட்கத் தொடங்கி விசிலடிக்கும். விசிலடித்ததும் பேச்சாளர் பதறி இன்னும் இறுக்கிப் பொத்துவார். தொகுப்பாளர் ஒரு முறை காதோடு சொன்னால் போதும்.

தமிழ்த்தாய் வாழ்த்தை இசைத்தட்டில் போடாமல் பயிற்சி பெற்றவர்கள் பாடவேண்டும் என்று 2021 டிசம்பரில் அரசு ஆணை வந்தது. நல்ல ஆணை. ஆனால் ஐந்து மாணவிகளைப் போடியத்தின் ஒற்றை மைக்கைச் சுற்றி நிறுத்தினால் நடுவில் நிற்கும் ஒரு குரல்தான் கேட்கிறது. 55 விநாடிப் பாட்டில் திருத்த நேரமில்லை. ஸ்டாண்டோடு இரண்டு மைக் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

லேப்டாப்பை நிகழ்ச்சிக்கு 45 நிமிடம் முன்பே கொண்டுவந்து, காட்டப்போகிற அதே வீடியோவை ஓட்டிப்பாருங்கள். ஸ்டீரியோ முனையிலிருந்து ஒற்றை மைக் கேபிளுக்கு மாற்றும் மலிவான கம்பி ஒன்று கடைகளில் கிடைக்கிறது. அதைப் போட்டால் இடதும் வலதும் ஒன்றை ஒன்று கழித்துக்கொண்டு, நடுவிலிருக்கும் பேச்சுக்குரல் மறைந்து பின்னணி இசை மட்டும் வரும். வீடியோ கெட்டுவிட்டது என்று எல்லோரும் நினைப்பார்கள். டி.ஐ. பாக்ஸ் (லேப்டாப் ஒலியை மைக் கேபிளுக்கு ஏற்றதாக மாற்றும் சிறு பெட்டி) வழியாக இணைத்தால் இதுவும் வராது, சார்ஜர் செருகியதும் வரும் 'ம்ம்ம்' என்ற இரைச்சலும் பெரும்பாலும் நிற்கும். அந்த இரைச்சலுக்காகப் பிளக்கின் எர்த் முனையை வெட்டச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒருபோதும் செய்யாதீர்கள், ஈரத்தரையில் மைக்கைத் தொடுகிறவர் உயிர் போகும்.

ஆடிக்காற்றில் ஆற்றங்கரை மேடைக்கு மைக்குக்கு ஸ்பாஞ்சு உறை வேண்டும். மார்கழி விடியற்காலைப் பனியில் நுண்ணொலியையும் பிடிக்கும் கண்டென்சர் வகை மைக்குகள் ஈரம் கோத்துப் பொரிவதால் பாட்டுக்குச் சற்று முன்புதான் திறந்து வைப்போம். ஐப்பசி மழை தகரக் கொட்டகையில் கொட்டும்போது ஒலியைக் கூட்டிப் பயனில்லை. பேச்சைப் பத்து நிமிடம் நிறுத்துங்கள்.

கடைசியாக எங்கள் பக்கத்துக் குறை. சில நேரம் நாங்கள் கேட்பதில்லை என்பது உண்மை. காலை 9 மணிக்குத் தொடங்கி மாலை 6 வரை ஒரே ஆள் உட்கார்ந்தால், பிற்பகல் மூன்றாவது உரையில் விரல் ஃபேடரில் இருக்கும், காது இருக்காது. எங்களிடம் வாடகை பேசும்போதே "எத்தனை பெட்டி, எத்தனை மைக்" என்பதோடு "மிக்சருக்கு எத்தனை பேர்" என்றும் கேளுங்கள். முழுநாள் நிகழ்ச்சிக்கு இரண்டு பேர் வேண்டும், ஒன்றரை மணிக்கு ஒரு முறை மாற. எங்கள் சாப்பாட்டை உணவு இடைவேளையின் தொடக்கத்திலேயே முதல் பந்தியில் போட்டுவிடுங்கள். கடைசிப் பந்தியில் உட்கார்ந்தால் இலையில் ரசம் ஊற்றும்போது மேடையில் அடுத்த அமர்வு தொடங்கிவிடுகிறது.

இப்படிக்கு,
காவிரிப் படுகையில் மிக்சரில் உட்காருகிறவர்கள்