நம் மூத்த குடிமக்கள் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஆண்டறிக்கை என்றால் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிய வேண்டும். இந்த முறை அப்படி எழுதப் போவதில்லை. ஆண்டின் முதல் பாதியில் நானும் என் மனைவியும் அமெரிக்காவில் மகள் வீட்டில் பேரனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது மாதக் கூட்டங்களை நடத்தியது, சந்தா வசூலித்தது, பதிவாளர் அலுவலகத்துக்குக் கணக்கு கொடுத்தது எல்லாம் இணைச் செயலாளரும் பொருளாளரும்தான். இருவருக்கும் நன்றி. ஆனால் நாம் உண்மையிலேயே ஒரு சங்கமாக உழைத்தது புரட்டாசிக் கடைசியிலிருந்து கார்த்திகை முடியும் வரை, அதனால் அந்த மூன்று மாதத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதுகிறேன்.

அக்டோபரில் அங்கே மரமெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக மாறிவிடுமாம், இருந்து பார்த்துவிட்டுப் போங்களேன் என்று மகள் எவ்வளவோ சொன்னாள். என் மனைவி மசியவில்லை. "மடிப்பாக்கத்தில் கொலு வைக்கணும், அங்கே எனக்கு ஆள் இருக்கு" என்று சொல்லிவிட்டாள். அந்த ஆள் என்பது நீங்கள்தான்.

நவராத்திரி அக்டோபர் 3-ஆம் தேதி தொடங்கியது. அதற்கு முன்னாலேயே மகளிர் அணியினர் ஒரு விஷயத்தைக் கூட்டத்தில் சொன்னார்கள்: பல வீடுகளில் கொலு நின்றுபோனதற்குக் காரணம் ஆர்வக் குறைவு இல்லை, பரணிலிருந்து பெட்டியை இறக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். சரி என்று, நம்மில் ஏணி ஏறக்கூடிய நாலைந்து பேரும் பக்கத்துத் தெருக் கல்லூரிப் பையன்கள் சிலரும் வீடு வீடாகப் போனோம். (ஏணி ஏறக்கூடியவர் என்று தன்னைத் தானே நினைத்துக்கொண்டவர்களை அவரவர் மனைவிமார் கீழேயே நிறுத்திவிட்டார்கள்.) டீச்சரம்மா வீட்டுத் தகரப் பெட்டியில் ஒவ்வொரு பொம்மையும் பழைய வேட்டித் துணியில் சுற்றி, மேலே அவர் வீட்டுக்காரர் கையெழுத்தில் "தசாவதாரம் – 7", "செட்டியார், பருப்பு வைக்கும் தட்டு தனியாக" என்று சீட்டு ஒட்டி இருந்தது. அவர் போய்ச் சில வருஷமாகிறது. ஒன்பது படி கட்டிய வீட்டில் இந்த முறை மூன்று படிதான், ஆனாலும் தினம் கூட்டம், தினம் சுண்டல். விஜயதசமி இரவு மரப்பாச்சியைப் படுக்க வைத்த பிறகு பெட்டிகளைத் திரும்ப ஏற்றவும் அதே பையன்கள் வந்தார்கள். வந்ததற்குக் கொழுக்கட்டையும் ஒரு காரணம் என்று கேள்வி.

கொலுவைக் கட்டி வைத்த கையோடு மழை. அக்டோபர் 15-ஆம் தேதி வெளுத்து வாங்கியது, மறுநாளுக்கும் சிவப்பு எச்சரிக்கை. வேளச்சேரி மேம்பாலத்தில் ஊரார் எல்லாம் காரைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தியதைத் தொலைக்காட்சியில் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு, 2015 வெள்ளத்தில் காரைத் தண்ணீரில் விட்டவர்கள் சிரிக்கவில்லை. நம் பக்கத்துத் தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைப் பார்த்துத்தான் ஓட வேண்டும், ஓடும் வழியில் வீடு கட்டிக் குடியிருக்கிறோம், நான் உட்பட. அதனால் தனியாக இருக்கும் உறுப்பினர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு காலையிலும் மாலையிலும் போன் செய்தோம். மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கிறது, குடிதண்ணீர் கேன் இருக்கிறதா, சம்ப்பில் தெருத் தண்ணீர் இறங்கிவிட்டதா, தரைத்தளம் என்றால் ஃபிரிட்ஜுக்குக் கீழே செங்கல் வைத்தாயிற்றா, இந்த நாலு கேள்விதான். 16-ஆம் தேதி பயந்த அளவுக்கு மழை இல்லை. "வீணாகப் பயமுறுத்தினீர்கள்" என்று ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். அடுத்த முறையும் பயமுறுத்துவோம் சார்.

அப்புறம் நவம்பர், அதாவது ஆயுள் சான்றிதழ் மாதம். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் சங்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். ரயில்வே, தபால், பாதுகாப்புத் துறை என்று மத்திய அரசு ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் நவம்பருக்குள் உயிரோடிருப்பதைக் காட்ட வேண்டும். 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். பி.எஃப். ஓய்வூதியக்காரர்களுக்கு நவம்பர் கட்டாயமே இல்லை, எந்த மாதம் கொடுத்தாலும் ஓராண்டு செல்லும். மாநில அரசு ஓய்வூதியர்களின் ஆண்டு நேர்காணலுக்கு விதிகள் வேறு. இவை எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று வந்தவர்களுக்கு விளக்கிச் சொல்வதே பாதி வேலை.

மீதிப் பாதி விரல். வயதானால் ரேகை தேய்ந்துவிடுகிறது, கருவி ஏற்பதில்லை. ரயில்வே குடும்ப ஓய்வூதியம் வாங்கும் அம்மா ஒருவரை ஒரு சேவை மையத்தில் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைக்கச் சொல்லி, கடைசியில் "நாளைக்கு வாங்க" என்று அனுப்பியிருக்கிறார்கள். 2021 நவம்பரிலிருந்தே முகத்தைக் காட்டிச் சான்று கொடுக்கும் வசதி இருக்கிறது, ஒரு நல்ல போன் போதும். அதை எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவில் செய்தோம். முதலில் ஆபரேட்டராக என் முகம், பிறகு அவர் முகம். வட்டத்துக்குள் முகம் வந்ததும் கண்ணைச் சிமிட்ட வேண்டும். "சிமிட்டுங்கம்மா" என்றால் அவர் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு சாமி கும்பிடுவதுபோல் நிற்கிறார். கண்புரை ஆபரேஷன் ஆனதிலிருந்து சிமிட்டப் பயமாம். என் மனைவி போனுக்குப் பின்னால் நின்று தானும் சிமிட்டிக் காட்ட, அவர் அதைப் பார்த்துச் சிரிக்க, சிரித்ததில் கண் தானாகச் சிமிட்டிவிட்டது. பச்சை விழுந்தது. படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே போனோம். நம்மால் முடியாவிட்டால் தபால்காரரே வீட்டுக்கு வந்து செய்து தருவார், கட்டணம் 70 ரூபாய்.

கடைசி நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் கடைசி நாளான நவம்பர் 30 அன்றுதான் ஃபெஞ்சல் புயல், சென்னை நகரமே நனைந்து விமான நிலையத்தையே மூடினார்கள். அன்றைக்கு முழங்கால் தண்ணீரில் என்னைத் தேடி வந்தவர்கள் யார் என்று அறிக்கையில் எழுத மாட்டேன், அவர்களுக்கே தெரியும்.

மற்றவை சுருக்கமாக. டிசம்பர் கடைசியில் மாநகரப் பேருந்தின் இலவச டோக்கன் வாங்க பணிமனைக்கு ஒன்றாகப் போய் வந்தோம். 60 வயது ஆனவர்களுக்கு மாதம் பத்துப் பயணம், இன்னும் வாங்காதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள், இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. மார்கழியில் மதியக் கச்சேரிகளுக்குச் சிலர் போனார்கள், கச்சேரியைவிட கேன்டீனைப் பற்றித்தான் திரும்பி வந்து அதிகம் பேசினார்கள். இந்த ஆண்டு மறைந்த உறுப்பினர்களுக்குப் பொதுக்குழுவின் தொடக்கத்தில் மௌன அஞ்சலி செலுத்துவோம்.

இனி என் சொந்தக் கருத்து, கோபம் வந்தாலும் பரவாயில்லை. ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, பிறகு நமக்கு நாமே பொன்னாடை, மேடை, சீரியல் விளக்கு என்று செலவு செய்கிறோம். போர்த்திய பொன்னாடை அடுத்த விழாவில் வேறொருவர் தோளுக்குப் போகிறது என்பதும் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். அதை இந்த ஆண்டு நிறுத்திவிட்டு, முகச் சான்று எடுக்க நல்ல கேமரா உள்ள ஒரு டேப்லெட், ஒரு ஸ்டாண்ட், முகத்தில் வெளிச்சம் விழ ஒரு மேசை விளக்கு வாங்கலாம் என்று தீர்மானம் கொண்டுவருகிறேன். இணைச் செயலாளர் எதிர்ப்பார், அவருக்கு விழா வேண்டும், கேட்டுவிட்டு ஓட்டுப் போடுங்கள். இன்னொன்று, வேலை செய்வது எப்போதும் அதே நாலைந்து பேராக இருக்கிறோம், அதிலும் பாதிப் பேருக்கு முழங்கால் சரியில்லை. போன வருஷம் ஓய்வுபெற்றவர்கள் சந்தா மட்டும் கட்டிவிட்டு வாட்ஸப்பில் காலை வணக்கம் போட்டால் போதாது. நவம்பருக்கு முன்னால் முகச் சான்று எடுக்க மூன்று பேராவது பழகிக்கொள்ள வேண்டும், கற்றுத்தர என் மனைவி தயார்.

பொதுக்குழுவுக்கு வரும்போது கண்ணாடியை மறக்காதீர்கள், கணக்கு அறிக்கையைப் பொருளாளர் சிக்கனமாகப் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறார். டீயும் மெதுவடையும் கூட்டம் முடிந்த பிறகுதான்.

செயலாளர்