புகார்: சூடேறினால் குறி விலகும் துப்பாக்கி, மூன்றாம் முறையும் சரிசெய்யப்படவில்லை

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்களிடம் வாங்கிய .308 வின்செஸ்டர் போல்ட் ஆக்‌ஷன் ஸ்னைப்பர் ரைஃபிள் மூன்றாவது முறையாக அதே பழுதோடு திரும்பி வந்திருக்கிறது. கூடவே அதே சீட்டு: 'பரிசோதிக்கப்பட்டது, குறையில்லை.'

பேரல் (குழல்) தன்னைத் தாங்கும் கட்டையை எங்கும் தொடாது, 100 மீட்டரில் ஐந்து குண்டும் 1 எம்ஓஏவுக்குள் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம்), அதாவது 29 மில்லிமீட்டருக்குள் விழும் என்பது உங்கள் உத்தரவாதம். முதல் இரண்டு சரியாக விழுகின்றன. பேரல் சூடேறியதும் மூன்றாவதிலிருந்து வலப்பக்கம் மேலேறி, ஐந்தாவது 70 மில்லிமீட்டர் தள்ளிப் போகிறது. நீங்கள் அனுப்பிய பரிசோதனை அட்டையில் மூன்றே ஓட்டை. அதுவும் பேரலை ஆறவிட்டு ஆறவிட்டுச் சுட்டது என்று அதிலேயே எழுதியிருக்கிறது!

பைபாடில் (இருகால் தாங்கியில்) நிறுத்தி லேசாகப் பாரம் கொடுத்து, பேரலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு தாளை இழுத்துப் பாருங்கள். இடப்பக்கம் சிக்கிக்கொள்கிறது. துப்பாக்கியைக் கட்டையோடு பிணைக்கும் முன்திருகைத் தளர்த்தினால் பேரல் 0.2 மில்லிமீட்டர் எழும்புகிறது. 0.05ஐத் தாண்டினாலே, போல்ட்டும் அது ஓடும் உலோகக் கூடும் சேர்ந்த ஆக்‌ஷன் கட்டையில் முறுகி உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். இது உங்களுக்குத் தெரியாததா?

தொலைபேசியில் பேசிய உங்கள் ஊழியர், "சுடத் தெரியாதவங்கதான் துப்பாக்கியைக் குறை சொல்வாங்க, ஸ்கோப்பை மாத்துங்க" என்றார். வேறு துப்பாக்கியில் அசையாமல் நின்ற ஸ்கோப்பையே மாட்டி, வளையத் திருகுகளை 18 இன்ச்-பவுண்டுக்கு முடுக்கிப் பார்த்தாகிவிட்டது என்று சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டார். அந்த ஒரு வாக்கியத்தை மன்னிக்க முடியாது.

இன்னொன்று, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். போல்ட்டின் இரண்டு லக்குகளுக்கும் (பூட்டுப் புடைப்புகள்) மார்க்கர் மை பூசி, போல்ட்டை இருபது முறை ஏற்றி இறக்கியபின் ஒன்றில்தான் மை தேய்ந்தது. மற்றது ரிசீவரை, அதாவது போல்ட் ஓடும் அந்தக் கூட்டை, தொடவே இல்லை. சுடும்போது முழு அழுத்தமும் ஒரே லக்கில் விழுந்தால் போல்ட் ஒரு பக்கம் வளையாதா? கட்டையைச் சீவினால் மட்டும் இது தீராது.

உங்களால் ஒரு போட்டிப் பருவமே பாழ். தோட்டா, அனுப்பும் செலவு, நாள்கள் எல்லாம் தண்டம்.

தயவுசெய்து லக்குகள் இரண்டும் ரிசீவரில் சமமாகப் பதியச் செய்து, கட்டையை மாற்றி, ஆக்‌ஷன் திருகுகளை உங்கள் கையேட்டிலுள்ள 65 இன்ச்-பவுண்டுக்கு முடுக்கி, ஆறவிடாமல் சுட்ட ஐந்து குண்டு அட்டையுடன் அனுப்புங்கள். முடியாதென்றால் முழுப் பணம். 15 நாளில் பதில் இல்லையெனில் இந்த அளவுகளும் மூன்று சீட்டுகளும் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்