வளாகக் கணினி வலையமைப்புத் திருப்பணி: நிறைவு அறிக்கை

சபை உறுப்பினர்கள் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

சென்ற ஆண்டு அக்கினி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில் கையில் எடுத்த கணினி வலையமைப்பு வேலை, தை பிறப்பதற்கு முன் முடிந்தது. பள்ளி, கல்லூரி, ஆய்வகக் கட்டடம், இரண்டு விடுதிகள், நூலகம், அலுவலகம் ஆகிய ஏழு கட்டடங்களும் இப்போது புதிய இணைப்பில் இயங்குகின்றன. ஆடிக்குள் முடிப்போம் என்று பொதுக்குழுவில் சொல்லியிருந்தோம். ஐந்து மாதம் தள்ளிப்போயிற்று. 18,40,000 ரூபாய் ஆகும் என்று மதிப்பிட்டிருந்தோம்; 20,95,000 ரூபாய் ஆயிற்று. வகுப்பறை கட்டினால் வந்து பார்த்துத் திருப்தி அடையலாம். சுவருக்குள்ளும் மண்ணுக்கடியிலும் போன பணத்தை அப்படிப் பார்க்க முடியாது என்பதால், உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் எழுத்திலேயே பதில் சொல்வது எங்கள் கடமை.

மிகுதியான 2,55,000 ரூபாயில் 85,000 ரூபாய் பாறைக்குப் போயிற்று. நம் வளாகத்தின் பின்பகுதி மலையடிவாரம் என்பது எல்லோருக்கும் தெரியும். மாணவியர் விடுதிக்குப் போகும் வழியில் இரண்டடிக்குக் கீழே கம்ப்ரஸர் வைத்து உடைக்க வேண்டியதாயிற்று. மீதி 1,70,000 ரூபாயும், காலதாமதம் முழுவதும், கேபிள் விவகாரத்தால் வந்தவை. அதை விரிவாகச் சொல்லும் முன், பலரும் கேட்ட முதல் கேள்விக்கு வருகிறோம்: ஒன்றாக இருந்த வலையை ஏன் எட்டாகப் பிரித்தீர்கள்?

இரண்டு ஆண்டுகளுக்கு முன், கல்லூரிக் கட்டணம் செலுத்தக் கடைசி நாளன்று, கவுன்ட்டரில் இருந்த மூன்று கணினிகளும் ஒன்றன்பின் ஒன்றாக இணைப்பை இழந்தன. குடியாத்தத்திலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் முதல் பேருந்தில் வந்த பெற்றோர் மாலை வரை வரிசையில் நின்றார்கள். விடுதி மாணவர் ஒருவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த வைஃபை ரௌட்டரை அறைச் சுவரில் இருந்த சாக்கெட்டில் தவறான துளை வழியாக இணைத்திருந்தார். வலையில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி வேண்டும்; அந்த ரௌட்டர் வளாகம் முழுவதற்கும் அந்த முகவரியை வழங்கத் தொடங்கிவிட்டது. முகவரி கேட்கும் கணினிக்கு, பதில் சொல்பவர் உரியவர்தானா என்று பார்க்கத் தெரியாது. பெரும்பாலும் முதலில் வந்த பதிலையே ஏற்றுக்கொள்ளும். அந்த மாணவர் மீது நாங்கள் குறை சொல்லவில்லை. விடுதி அறையும் கட்டணக் கவுன்ட்டரும் ஒரே வலையில் இருந்ததே குறை.

ஒரே வலை என்றால், ஒரு கணினி இன்னொன்றைத் தேடி ‘இந்த முகவரி யாருடையது’ என்று கேட்கும் கேள்வி, ஊரில் தண்டோரா போட்டதுபோல ஒவ்வொரு கணினிக்கும் கைப்பேசிக்கும் கேமராவுக்கும் போய்ச் சேரும். சம்பந்தம் இல்லாதவையும் அதைக் கேட்டாக வேண்டும். வி-லேன் முறையில், அதாவது ஒரே வலையைத் தனித்தனிப் பிரிவுகளாகப் பிரிக்கும் முறையில், அந்தத் தண்டோரா அந்தந்தத் தெருவுக்குள் நின்றுவிடும். ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்குப் போக வேண்டுமானால் நடுவில் உள்ள கோர் ஸ்விட்ச் (கேபிள்களை இணைத்துத் தகவலை உரிய இடத்துக்கு அனுப்பும் கருவிகளில் தலையானது) வழியாகத்தான் போக வேண்டும்; அங்கே எதை விடுவது, எதைத் தடுப்பது என்று நாம் விதி எழுதலாம். அலுவலகமும் கணக்கும் 10, ஆசிரியர்கள் 20, ஆய்வகங்கள் 30, விடுதிகள் 40, கேமராக்கள் 50, உள்தொலைபேசி 60, விருந்தினர் 70, கருவிகளின் மேலாண்மை 99 என்று எண் கொடுத்தோம். விடுதிக்கு மட்டும் பெரிய முகவரித் தொகுதி ஒதுக்கினோம். மற்றவற்றுக்கு 254 முகவரி போதும். விடுதியில் ஒரு மாணவருக்குக் கைப்பேசி ஒன்று, மடிக்கணினி ஒன்று என்று பார்த்தாலே அது போதாது என்பதால் 1,022 முகவரி கொள்ளும் தொகுதி வைத்தோம்.

ஒவ்வொரு பிரிவுக்கும் தனி ஸ்விட்ச், தனி ஒயர் போட்டிருக்கலாமே என்று தோட்டப்பாளையத்து உறுப்பினர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அப்படிச் செய்தால் ஏழு கட்டடங்களில் எட்டுப் பிரிவுகளுக்கு ஐம்பத்தாறு ஸ்விட்ச் வரை வேண்டியிருக்கும். 1998இல் வெளியான 802.1க்யூ என்ற தரநிலை இந்தச் செலவைத் தவிர்க்க வழி செய்கிறது: ஒவ்வொரு தகவல் பொதியிலும் நான்கு பைட் அளவில் ஓர் அடையாளம் சேர்க்கப்படும், அதில் 12 பிட், எந்தப் பிரிவு என்ற எண்ணுக்கு. அதனால் ஒரே ஃபைபர் என்ற கண்ணாடி இழையில் எட்டுப் பிரிவும் கலக்காமல் போகின்றன. எண்ணைப் பொறுத்தவரை 4,094 பிரிவு வரை வைக்கலாம். நமக்கு எட்டே போதும் என்று நிறுத்திக்கொண்டோம். கட்டடங்களுக்கு இடையே செம்புக் கேபிளைத் தவிர்த்து ஃபைபர் போட்டதும் செலவழிக்கும் ஆசையால் அல்ல. கணினிகளை இணைக்கும் ஈத்தர்நெட் முறை, செம்புக் கேபிளில் 100 மீட்டருக்கு மேல் போகாது. நம் அலுவலகத்திலிருந்து மாணவியர் விடுதி 340 மீட்டர். அதோடு, இடி விழும்போது ஒரு கட்டடத்தின் மின்னேற்றத்தை இன்னொன்றுக்குக் கடத்த கண்ணாடி இழையால் முடியாது.

இனி கேபிள் விவகாரம்.

கட்டடங்களுக்குள் போடுவதற்காக முதல் ஒப்பந்ததாரர் கேட் 6 என்ற தரத்து வலையமைப்புக் கேபிள் 46 பெட்டி இறக்கினார். ஒவ்வொன்றும் 305 மீட்டர். ஜூன் கடைசியில் 17 பெட்டி, அதாவது ஐயாயிரம் மீட்டருக்கு மேல், இழுத்து முடிந்திருந்தது. நூலக மாடியில் முனை கட்டும்போது மெல்லிய கம்பிகள் அடுத்தடுத்து முறிவதைக் கவனித்த நம் குழு உறுப்பினர், தொலைபேசித் துறையில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரு கம்பியை எடுத்துப் பிளேடால் சுரண்டினார். சிவப்புக்கு அடியில் வெள்ளை தெரிந்தது. அது அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசிய கம்பி.

சுரண்டிப் பார்த்ததை மட்டும் வைத்து நாங்கள் வேலையை நிறுத்தவில்லை. அவசரப்பட்டோம் என்று எழுதியவர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறோம். மறுநாள் ஒப்பந்ததாரரை வரவழைத்து, அவர் முன்னிலையில் விடுதிச் சமையற்கூடத்துத் தராசில், முன்பு நூலகத்துக்கு வாங்கி மீந்திருந்த பிரிக்காத பெட்டி ஒன்றையும் புதிய பெட்டி ஒன்றையும் நிறுத்தோம். ஒரு கன சென்டிமீட்டர் செம்பு 8.96 கிராம், அலுமினியம் 2.7 கிராம். எடை வித்தியாசத்தைத் தூக்கிப் பார்த்தே உணர முடிந்தது. பிறகு, ஒரு முழுப் பெட்டியில் ஓர் இணைக் கம்பியின் கடைமுனைகளை முறுக்கி, இந்த முனையில் மீட்டர் வைத்தோம். கேட் 6 தரப்படி ஒரு கம்பியின் மின்தடை 100 மீட்டருக்கு 9.38 ஓமைத் தாண்டக் கூடாது. போக வர 305 மீட்டருக்கு அது சுமார் 57 ஓம். மீட்டர் 66 காட்டியது. இயற்பியல் ஆசிரியர் ஒருவர் மூன்று பெட்டிகளில் இதைத் திரும்பச் செய்து கையெழுத்திட்டுக் கொடுத்தார். அந்தத் தாள் கோப்பில் உள்ளது.

ஒப்பந்ததாரர் சொன்ன பதில்கள் இரண்டு. எல்லா இடத்திலும் இதைத்தான் போடுகிறோம், சோதனையில் ஒரு ஜிகாபிட் வேகம் வருகிறதே என்பது ஒன்று. குறைந்த தூரத்தில் அந்த வேகம் வந்தது உண்மைதான். ஆனால் நம் கேமராக்களுக்கும் வைஃபை பெட்டிகளுக்கும் தனி மின்கம்பி கிடையாது. கேபிள் வழியாகவே மின்சாரமும் போகிறது. தடை கூடினால் வழியிலேயே மின்னழுத்தம் குறையும், கேபிள் சூடாகும். ஏற்கெனவே போட்டிருந்த பின்சுவர்க் கேமரா, பகலில் ஒழுங்காக ஓடி, இரவில் தன் அகச்சிவப்பு விளக்கு எரிந்ததும் அணைந்து அணைந்து எழுந்ததை அவருக்கே காட்டினோம். வேலூர் வெயிலில் மொட்டை மாடி ஓட்டுக்கடியில் கட்டுக்கட்டாகக் கிடக்கப்போகும் கேபிள் இது. அந்தச் சூட்டோடு இந்தச் சூடும் சேர்வதை எங்களால் ஏற்க முடியவில்லை.

அவருடைய இரண்டாவது பதில்தான் எங்களைத் திணற வைத்தது. நீங்கள் கொடுத்த ஆர்டரில் ‘கேட் 6’ என்றுதான் இருக்கிறது, ‘முழுச் செம்பு’ என்று இல்லையே என்றார். இல்லைதான். கேட் 6 என்றாலே முழுச் செம்பு என்பது தரநிலை. ஆனாலும் அந்த ஒரு சொல்லை எழுதியிருந்தால் மூன்று மாதம் மிஞ்சியிருக்கும். அதை எழுதாதது இந்தக் குழுவின் தவறு. இதை உறுப்பினர்கள் முன் ஒப்புக்கொள்கிறோம்.

ஆடி, ஆவணி இரண்டு மாதமும் பேச்சிலேயே போயின. போட்டதை விட்டுவிட்டு மீதியை மட்டும் நல்ல கேபிளில் போடலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். குழுவிலேயே இருவர் அந்தப் பக்கம் இருந்தார்கள். ஐந்து ஆண்டு கழித்து எந்த அறையில் எந்தக் கேபிள் என்று தேடி அலையப்போவது நமக்குப் பின் வருபவர்கள் என்பதால் மற்றவர்கள் சம்மதிக்கவில்லை. நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றும் பேச்சு வந்தது; வழக்கு முடியும்வரை வேலை நிற்கும் என்று வழக்கறிஞரான உறுப்பினர் எடுத்துச் சொன்னார். கடைசியில், பிரிக்காத 29 பெட்டிகளை அவர் திரும்ப எடுத்துக்கொள்வது, இழுத்த 17 பெட்டிக்குப் பொருள் விலை கிடையாது, ஆட்கூலி மட்டும் கொடுப்பது என்று முடிந்தது. அந்தக் கூலியும், இழுத்ததைப் பிரித்தெடுத்து மறுபடி இழுத்த கூலியும், இடையில் ஏறிய விலையும் சேர்ந்ததே 1,70,000 ரூபாய்.

குழுவில் ஒருவர் தம் உறவினருக்கு வேலை வாங்கிக் கொடுக்கவே இந்தத் தகராறு கிளப்பப்பட்டது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. எங்களை மிகவும் வருத்திய சொல் அது. இரண்டாவது ஒப்பந்ததாரர் மூடிய உறையில் வந்த மூன்று விலைப்புள்ளிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். பொருளாளரும், அந்தச் செய்தியை முன்னனுப்பிய உறுப்பினர்களில் இருவரும் நேரில் இருக்கும்போதுதான் உறைகள் பிரிக்கப்பட்டன. குழுவில் எவருக்கும் அவர் உறவல்ல. ஆயுத பூஜைக்கு மறுநாள் வேலையைத் தொடங்கிய அவர், மழையிலும் ஆட்களை நிறுத்தாமல், ஒவ்வொரு பெட்டியையும் எடை போட்டே பிரித்தார்.

சாக்கெட்டுகள், ரேக்குகள், யுபிஎஸ், நிலத்தடிக் குழாய்கள், பெயர்ச்சீட்டுகள் எல்லாம் குறையின்றி முடிந்தன.

ஸ்விட்ச்களை அமைத்தபோது நேர்ந்தவற்றில் இரண்டைச் சொல்ல வேண்டும். கட்டடங்களை வளையமாக இணைத்திருப்பதால், ஓர் இழை அறுந்தாலும் மறுபக்கம் வழி உண்டு. ஆனால் பொதிகள் வளையத்தில் சுற்றிக்கொண்டே இருக்காமல் தடுப்பது 1985இல் அமெரிக்கக் கணினி அறிஞர் ரேடியா பெர்ல்மன் வகுத்த ஸ்பேனிங் ட்ரீ முறை. அதில் ஸ்விட்ச்களே தங்களுக்குள் ஒன்றைத் தலைமையாகத் தேர்ந்தெடுக்கும். முன்னுரிமை எண் எல்லாவற்றிலும் ஆலை நிர்ணயித்த 32768 ஆகவே இருந்தால், வன்பொருள் முகவரி, அதாவது ஆலையிலேயே கருவியில் பதித்து வரும் எண், சிறியதாக உள்ளது வெல்லும். பெரும்பாலும் அது பழைய கருவி. புதிய கோர் ஸ்விட்ச் இருக்க, விடுதிச் சமையற்கூடத்தின் பக்கத்து அறையில் நாங்கள் சிக்கனத்துக்காக விட்டுவைத்த பழைய ஸ்விட்ச் தலைமை ஏற்றது. நூலகத்துத் தகவல் போக்குவரத்து அதைச் சுற்றி வந்தது. வேகம் குறைகிறது என்று முதல் வாரத்தில் வந்த புகார்கள் நியாயமானவை. கோர் ஸ்விட்சின் எண்ணை 4096 ஆகக் குறைத்ததும் சரியாயிற்று. அறைச் சாக்கெட்டுகளில் எவரேனும் ரௌட்டரையோ ஸ்விட்சையோ செருகினால் வலை பாதிக்கப்படாதபடியும், உரிய இடத்திலிருந்து அல்லாமல் வேறெங்கிருந்தும் முகவரி வழங்க முடியாதபடியும் கட்டுப்பாடு வைத்துள்ளோம்.

மற்றொன்று எங்கள் கைப்பிழை. மாணவியர் விடுதி ட்ரங்கில் (எல்லாப் பிரிவையும் சுமந்து போகும் இணைப்பில்) விருந்தினர் பிரிவைச் சேர்க்கும்போது, ‘சேர்’ என்று பொருள்படும் ‘ஆட்’ என்ற சொல் கட்டளையில் விட்டுப்போயிற்று. அதனால் 70 சேர்வதற்குப் பதிலாக, 70 மட்டும் மிஞ்சி மற்ற ஏழு பிரிவும் அங்கே அறுந்தன. மேலாண்மைப் பிரிவும் அறுந்ததால் அலுவலகத்திலிருந்து திருத்த முடியவில்லை. இரவு பத்தரை மணிக்கு விடுதிக் காப்பாளரின் அனுமதி பெற்று, ஸ்விட்சோடு நேரடியாக இணைக்கும் கன்சோல் கேபிளோடு போய்ச் சரிசெய்தோம். அன்றுமுதல் எந்த மாற்றத்துக்கும் முன் பழைய அமைப்பு நகலெடுத்து வைக்கப்படுகிறது.

ஆசிரியர்கள் அலுவலகப் பிரின்டரில் அச்சிட முடியவில்லை என்ற புகாருக்கு, அந்த ஒரு முகவரிக்கு மட்டும் விதி திறந்துவிட்டோம். கைப்பேசியிலிருந்து வகுப்பறைத் திரைக்குப் படம் அனுப்ப முடியவில்லை என்றார்கள். அந்த வசதி தன் பிரிவுக்குள் மட்டுமே திரையைத் தேடும் என்பதால், ஆசிரியர் பிரிவுக்கும் ஆய்வகப் பிரிவுக்கும் இடையே மட்டும் இடைமாற்று அமைத்தோம். விடுதிக்கும் அதைத் திறக்கச் சொன்ன கோரிக்கையை ஏற்கவில்லை. இனியும் ஏற்பதற்கில்லை என்பது குழுவின் கருத்து.

கொடையாளர் பெயர்கள் நூலக முகப்புக் கல்லில் பொறிக்கப்படுகின்றன; இந்த அறிக்கை கைமாறிப் போகும் என்பதால் இங்கே ஊரையும் ஆண்டையும் மட்டும் குறிக்கிறோம். கோர் ஸ்விட்ச் 1994ஆம் ஆண்டு மாணவர்கள் தந்தது. ஃபைபர் முழுவதும் ஆம்பூரில் தோல் தொழில் செய்யும் சகோதரர் இருவர் உபயம். விடுதி வைஃபை பெட்டிகள் 2003, 2004, 2007ஆம் ஆண்டு மாணவியர்; கேமராக்கள் ராணிப்பேட்டை உறுப்பினர்கள் நால்வர்; யுபிஎஸ் ஆற்காட்டு அரிசி மண்டிக்காரர்; ரேக்குகள் காட்பாடி காந்தி நகர், சத்துவாச்சாரி, விருதம்பட்டு, வேலப்பாடி உறுப்பினர்கள்; குழி வெட்டிய நாட்களில் ஆட்களுக்கு மதிய உணவு கொசப்பேட்டை மகளிர் குழுவினர். கேபிள் விவகாரத்தால் வந்த பற்றாக்குறையில் ஒரு லட்சத்தை, பெயரைக் கல்லிலும் பொறிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு, குடியாத்தத்தில் கைத்தறி லுங்கி வியாபாரம் செய்யும் பழைய மாணவர் ஒருவர் கொடுத்தார். எங்களை வாட்ஸ்அப்பில் மிகக் கடுமையாகக் கேட்டவரும் அவரே. கோப்பு முழுவதையும் ஒரு நாள் உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் கொடுத்தார்.

இரண்டாவது ஒப்பந்ததாரருக்குரிய தொகையில் நூற்றுக்கு ஐந்து, ஓராண்டுப் பொறுப்புக் காலம் முடியும்வரை நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. கட்டட வாரியான வரைபடமும் சாக்கெட் எண் பட்டியலும் அலுவலகத்தில் உள்ளன. ஸ்விட்ச்களின் கடவுச்சொற்கள் முத்திரையிட்ட உறையில் பொருளாளரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளன. ரசீதுகளையும், எடை, மின்தடைச் சோதனைத் தாள்களையும், சுரண்டிய கம்பித் துண்டையும் பார்க்க விரும்பும் உறுப்பினர்கள் வேலை நாட்களில் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை அலுவலகத்துக்கு வரலாம்.

திருப்பணிக் குழு
வேலூர்