சாஸ்கட்டூனிலிருந்து அப்பத்தாவுக்கு

சாஸ்கட்டூன், கனடா
ஜூன் 14

அன்புள்ள அப்பத்தா,

நீ சொல்லச் சொல்ல செல்வி எழுதின கடுதாசி வந்துச்சு. போன்ல உனக்குக் காது கேக்காததும் நல்லதுக்குத்தான், ரெண்டு தடவை வாசிச்சேன். "கீழடி கூப்பிடு தூரத்துல கெடக்க, மண்ணு தோண்ட எதுக்குடா கனடா"ன்னு கேட்டிருக்கே. முத்துவீரன் மாமாவும் இதையேதான் கேட்டார்.

நாங்க தோண்டுற இடம் வானஸ்கேவின். ஊருக்கு வடக்கே, ஆத்துல ஓடை வந்து சேர்ற பள்ளத்தாக்கு. 6,000 வருசத்துக்கும் மேலா ஆளுங்க வந்து தங்கின இடம். காட்டெருமைக் கூட்டத்தை விளிம்புக்கு வெரட்டித் தள்ளி வேட்டையாடியிருக்காங்க. எலும்பை நொறுக்கித் தோல் விரிச்ச குழித்தண்ணியில போட்டு, சுட்ட கல்லை இறக்கிக் கொதிக்க வச்சு, மேல மிதக்குற கொழுப்பை எடுப்பாங்களாம். அப்படி வெடிச்ச கல்லுதான் என் குழி நெறைய. நாள் பூரா சலிச்சா நகத்தளவு கல் சில்லு கெடைக்கும், அதுக்கே எல்லாரும் ஓடி வந்து பாப்பாங்க.

எங்க எல்லாரையும்விடக் கெட்டிக்காரத்தனம் காட்டெருமைக்குத்தான். 2019-ல இங்கே திரும்பக் கொண்டாந்து விட்டாங்க. மறுவருசமே அதுங்க புழுதியில புரண்ட எடத்துல கோடு செதுக்கின பாறை தலை காட்டிருச்சு. செதுக்குன கல் கத்தியும் பக்கத்துலயே கெடந்துருக்கு!

இங்கத்துப் பழங்குடியான கிரீ இனத்துப் பாட்டி ஒருத்தங்க மடக்கு நாற்காலியோட வருவாங்க. தோண்டுறதுக்கு முன்னால ஆளுக்கொரு சிட்டிகை புகையிலை குடுத்து மண்ணுல வைக்கச் சொன்னாங்க. எடுக்குறதுக்கு முன்னாடி குடுக்கணுமாம். கையில அந்த வாசம் ஏறினதும் உன் சுருக்குப்பைதான் ஞாபகம். கரண்டியைக் கழுவுறேன்னு ஓடைப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்னேன். ஒண்ணுமில்லை, வெயில்.

ராத்திரி ஒன்பதரைக்குத்தான் பொழுது சாயுது. பக்கத்து வீட்டுத் தாத்தா ஒன்பது மணிக்குப் புல் வெட்டுறார். சாப்பாட்டுக்குக் கொறையில்லை. தயிர்ச்சோறு ஒத்துக்குது, ரெண்டு வேளையும் அதான். சனி ஞாயிறு கடை வேலையைக் கூட்டிக்கிட்டேன், சும்மா இருந்தா போரடிக்குது. அப்பா யார்கிட்டயும் பணம் கேக்க வேண்டாம்.

அந்தப் பாட்டியோட ஜனங்க 1876-ல இங்கிலாந்து ராணி தரப்போட நிலத்துக்காக ஆறாம் உடன்படிக்கைன்னு ஒண்ணு போட்டப்ப, தலைவருங்க பேருக்குப் பக்கத்துல பெருக்கல் குறிதான் இருக்கும். பேசினது வேற, காகிதத்துல ஏறினது வேறன்னு இன்னைக்கும் சொல்றாங்க. கேட்டதுலேருந்து எனக்குத் தூக்கமில்லை. பெரியப்பா கொண்டாந்த பாகப் பத்திரத்துல கைநாட்டு வச்சுராத அப்பத்தா. கெணத்துல பாதிப் பங்கு, தோப்புக்கு வண்டிப்பாதை, ரெண்டும் எழுத்துல இருக்கணும். அப்பா அண்ணன் மொகத்துக்காகத் தலையாட்டிருவார். நீதான் பிடிச்சு நிறுத்தணும். மாமாவைக் கூட்டிக்கிட்டு வக்கீலைப் பாருங்க, வில்லங்கச் சான்றும் எடுங்க.

செல்வி, பத்திரத்தை ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுத்து அனுப்பு. முத்திரைத்தாளோட பின்பக்கத்தையும் விட்டுராதே. வியாழக்கிழமைக்குள்ள வேணும்.

உன் பேரன்,
பாண்டி